பதினேழாம் கேள்விக்கு விடை

வினாத்தாள்களைக் கொடுத்து முடித்து, மிஞ்சிய ஐந்தை மேசைமேல் வைக்கும்போதுதான் வடிவு அந்தக் கேள்வியைப் பார்த்தாள். பதினேழாவது. ஒளியைவிட வேகமாக எதுவும் செல்ல முடியாதது ஏன், விளக்குக, பத்து மதிப்பெண். கேட்டவர் எந்த ஊர்ப் பேராசிரியரோ, ஒரே வரியில் கேட்டுவிட்டுப் போய்விட்டார். இருபத்திரண்டு வருஷமாக அதையே பாடம் நடத்துகிற வடிவுக்கு இன்றைக்குப் பார்த்து அது உறுத்தியது. மணி பத்து ஐந்து. மதுரையில் தம்பி பிச்சையாவை எட்டு மணிக்கே உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். இதயத்தில் ஒரு வால்வை மாற்ற வேண்டும், நாலு மணி நேரம் ஆகும், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்வதற்கென்றே இந்த டாக்டர்கள் ஒரு தனிக் குரல் வைத்திருக்கிறார்கள், அதைக் கேட்டால்தான் பயமே வருகிறது. பன்னிரண்டுக்கு அங்கே முடிந்துவிடும், ஒரு மணிக்கு இங்கே பரீட்சை முடியும். அதுவரை அவளுடைய செல்போன் கீழே தேர்வு அலுவலகத்து இரும்பு அலமாரியில், பேர் எழுதிய பழுப்பு உறைக்குள், அணைத்துக் கிடக்கும். இந்தக் கல்லூரியில் அது சட்டம், பிள்ளைகள் மட்டுமல்ல, கண்காணிக்க வருகிற வாத்தியார்களும் வெறுங்கையோடுதான் அறைக்குள் நுழைய வேண்டும். தம்பி பெண்டாட்டி ராமலட்சுமியிடம் அலுவலக நம்பரைக் கொடுத்து, அவசரமென்றால் மட்டும் இதில் கூப்பிடு என்று சொல்லி வைத்திருந்தாள். அப்படியென்றால் யாரும் தேடி வராதவரை எல்லாம் நல்லது. வராண்டாவில் காலடி கேட்காதவரை பிச்சையா இருக்கிறான். நேற்று அதைச் சொல்லும்போது பெரிய கெட்டிக்காரத்தனம் மாதிரி இருந்தது, இப்போது யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் வாசலைத் திரும்பிப் பார்க்கிறாள்.

உட்காரக் கூடாது, புத்தகம் படிக்கக் கூடாது, ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. ஆறு வரிசைக்கு நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டும். கருப்பலகையிலிருந்து பின்சுவருக்கு இருபத்தாறு எட்டு வைக்க வேண்டும். காலையில் ஏழு மணிக்கு அவனே கூப்பிட்டான். பச்சைச் சட்டை ஒன்றை மாட்டிவிட்டார்கள், முதுகுப் பக்கம் திறந்து கிடக்கிறது, மானம் போகுது என்றான். நான் லீவு போட்டுட்டு வந்திருக்கணும்டா என்றாள். "வேண்டாம்க்கா, நீ இங்க வந்து உக்காந்தா டாக்டருக்கே பாடம் எடுக்க ஆரம்பிச்சிருவ, அந்த மனுசன் கை நடுங்கிப் போகும். நீ பரீட்சைய முடிச்சுட்டு ரெண்டு மணி பஸ்ஸப் பிடிச்சு வா. கண்ணு முழிக்கையில எதுத்தாப்ல இருந்தாப் போதும்." அப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நீ ஒன்று சொன்னாயே, அது சரிடா, நான்தான் தப்பு என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும். இரண்டு மூச்சு. ஆனால் ஆபரேஷனுக்குப் போகிறவனிடம் அதைச் சொன்னால், கடைசியாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் கணக்குத் தீர்க்கிற மாதிரி இருக்குமே என்று பயந்து, தைரியமா இருடா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். தைரியமா இரு. அதைச் சொல்வதற்கு ஒரு அக்கா வேண்டுமா, அந்த ஆஸ்பத்திரிக் காவலாளியே சொல்லியிருப்பான். தம்பிக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளும் தங்கவில்லை, அதனால்தான் எமன் ஏறெடுத்தும் பார்க்காத பேராக இருக்கட்டும் என்று அம்மா பிச்சையா என்று வைத்தாள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பேருக்காக அடிவாங்கிக்கொண்டு வருவான். முப்பத்தொன்பது வருஷம் அந்தப் பேர் வேலை செய்திருக்கிறது, இன்னும் ஒரு இரண்டு மணி நேரம் செய்தால் போதும்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மளமளவென்று பதினேழை எழுத ஆரம்பித்துவிட்டாள். தாண்டிப் போகிற சாக்கில் வடிவு பார்த்தாள். வேகம் கூடக் கூடப் பொருளின் நிறை கூடும், ஒளியின் வேகத்தை நெருங்கும்போது அதைத் தள்ள முடிவற்ற ஆற்றல் தேவைப்படும், எனவே முடியாது. வடிவு நடத்திய நோட்ஸ், கமா முதற்கொண்டு அப்படியே. பத்துக்கு எட்டு போடலாம். தப்பில்லை, ஆனால் அது வாசலோடு நின்றுகொண்டு வீட்டைப் பார்த்துவிட்டேன் என்பது மாதிரி. பஸ் அறுபது கிலோமீட்டரில் போகிறது, உள்ளே ஒருத்தன் டிரைவர் பக்கமாக ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறான், ரோட்டோரம் நிற்பவனுக்கு அவன் அறுபத்தைந்தில் போவதாகத் தெரியும், அது எல்லாருக்கும் புரியும். ஆனால் அதே பஸ்ஸின் விளக்கிலிருந்து கிளம்புகிற வெளிச்சம் அந்த அறுபதைத் தன்னோடு கூட்டிக்கொள்வதில்லை. துரத்திக்கொண்டு ஓடினாலும் அதே வேகம், எதிரே ஓடி வந்தாலும் அதே வேகம். நீ எத்தனை வேகமாகத் துரத்தினாலும், முதல் அடி எடுத்து வைத்தபோது எப்படி விலகிப் போனதோ அப்படியேதான் விலகிப் போகும், ஒரு சாண் கூட நெருங்கியிருக்க மாட்டாய். நெருங்கவே முடியாததை எங்கிருந்து முந்துவது. இதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு அமைதி விழும், வடிவுக்கு அந்த அமைதி பிடிக்கும், அதற்காகவே வருஷா வருஷம் சம்பளம் வாங்காமல்கூட அந்த ஒரு வகுப்பை எடுப்பாள். இன்றைக்கு அது பிடிக்கவில்லை. வராண்டாவில் காலடி. தண்ணீர் கொண்டுவருகிற அம்மாள். வாளியை வைத்துவிட்டுப் போனாள். வடிவு மேசை விளிம்பைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். மணி பதினொன்று அடித்தது.

பிச்சையா பத்தாவதோடு படிப்பை நிறுத்தினான். யாருக்காகவும் தியாகம் பண்ணவில்லை, பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டான். அப்பா பிரம்பை முறித்துப் பார்த்தார், அம்மா சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள், அவன் பாட்டுக்கு ஒரு ஒலிபெருக்கிக் கடையில் போய் ஒயர் சுற்ற உட்கார்ந்துவிட்டான். இப்போது பாளையங்கோட்டையில் பிச்சையா சவுண்ட் அன்ட் லைட்ஸ் என்றால் தெரியாத கோயில் கமிட்டி கிடையாது. கோயில் கொடைத் திருவிழா என்றால் தெரு முக்கிலிருந்து அம்மன் சன்னதி வரைக்கும் சவுக்குக் கம்பு நட்டு, சீரியல் பல்பைக் கட்டி, வெளிச்சத்தை ஓடவிடுவான். மயில் தோகையை விரிக்கும், சக்கரம் சுற்றும், தாமரை பூக்கும். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கொடைக்கு வடிவு தன் கல்லூரிக்காரர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். பொழுது சாய்கிற நேரம், அவன் லைட்டைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். எல்லாரும் அவனைப் பாராட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் அவன் கன்ட்ரோலர் பெட்டியைக் காட்டிக் கேட்டான், எக்கா, இதத் திருகினா வெளிச்சம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வேகமா ஓடுது, இன்னும் திருகினா இன்னும் வேகமா ஓடும், பல்பு வரிசையா திருச்செந்தூர் வரைக்கும் கட்டி, எது எப்ப எரியணும்னு முன்கூட்டியே வச்சுட்டா, நீ சொல்லுத அந்த ஒளியோட வேகத்தையே தாண்டி ஓட வச்சிரலாம்லா. வடிவு சிரித்தாள். கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு சிரித்தாள், அதுதான் இப்போது சுடுகிறது. "பத்தாங்கிளாஸ்ல தூங்கினா இப்படித்தான் கேக்கத் தோணும். ஒளிய மிஞ்சி எதுவும் போகாதுலே." நாலு பேரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு கொஞ்சம் தயங்கி, இதுல எதுவும் போகலியேக்கா, பல்பு அங்கங்கதான இருக்கு, அதது அதோட முறை வந்தா எரியுது, நமக்குத்தான் ஓடுத மாதிரி தெரியுது என்றான். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. ஏணியை யாரோ ஆட்டுகிறார்கள் என்று அவன் அதைப் பிடிக்கப் போய்விட்டான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே பாடத்துக்காக ஒரு கனத்த புத்தகத்தைப் புரட்டும்போது, சட்டென்று அவன் சொன்னது அந்தப் பக்கத்தில் இருந்தது. பல்பு என்று இல்லை, வேறு வார்த்தைகளில், ஆனால் அதுவேதான். ஓடுவது போன்ற தோற்றம் எந்த வேகத்திலும் ஓடலாம், ஒளியையும் தாண்டலாம், அதற்குத் தடையே கிடையாது, ஏனென்றால் அங்கே எதுவும் இங்கிருந்து அங்கே போகவில்லை. முதல் பல்பு கடைசிப் பல்புக்கு ஒரு சேதியும் சொல்லவில்லை. நடுவில் ஒரு பல்பு உடைந்தாலும் அடுத்தது தன் பாட்டுக்கு எரியும், அதற்குத் தெரியவே தெரியாது. அப்படியானால் முந்தக் கூடாது என்ற சட்டம் ஒளியைப் பற்றியதே இல்லை. ஓர் இடத்தில் நடந்தது இன்னோர் இடத்துக்குத் தெரியவர எடுத்துக்கொள்கிற குறைந்தபட்ச நேரத்தைப் பற்றியது, ஒளிக்குப் பாரம் இல்லாததால் அது அந்த எல்லையில் போகிறது, அவ்வளவுதான். பத்தாவதில் தூங்கியவன் இதை ஏணி பிடித்துக்கொண்டே பார்த்துவிட்டான், இருபது வருஷம் பாடம் நடத்தியவள் பார்க்கவில்லை. அன்றைக்கே இரண்டு தெரு தள்ளிப் போய் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். போனாள், டீ குடித்தாள், பிள்ளைகளுக்கு மிக்சர் வாங்கிக் கொடுத்தாள், திரும்பி வந்துவிட்டாள். அடுத்த கொடைக்குச் சொல்லலாம், பொங்கலுக்குச் சொல்லலாம். அகங்காரம்தான், வேறென்ன. கல்யாணமும் வேண்டாம் என்று இருந்துவிட்டவளுக்கு அந்த ஒரு பாடம்தான் சொத்து, அதில் ஒரு மூலையை அவனுக்கு எழுதிக் கொடுக்க மனசு வரவில்லை. இன்றைக்குச் சாயங்காலம் அவன் கண்ணை விழித்ததும் முதல் வேலை அதுதான். எப்படி ஆரம்பிப்பது. பிச்சையா, அன்னைக்கு நீ லைட்டப் பத்திக் கேட்டல்லா. இல்லை, அது வாத்தியார் தொனி. ஏலே, நான் ஒரு மடச்சி. இது பரவாயில்லை, இதற்கு அவன் சிரிப்பான், சிரிக்க விடுவார்களா, தையல் பிரிந்துவிடாதா. மெல்லச் சொல்ல வேண்டும். வடிவு வாக்கியத்தை மாற்றி மாற்றி அமைத்துக்கொண்டு நடந்தாள். ஒரு பெண் கூடுதல் தாள் கேட்டாள், கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

ஏன் இந்தச் சட்டம் என்று கேட்டால் கடைசிப் பதில் இதுதான், இதை நோட்ஸில் போட்டதில்லை. சேதி ஒளியை முந்துமென்றால், வேகமாகப் போய்க்கொண்டிருக்கிற யாரோ ஒருவர் கண்ணுக்கு, ஸ்விட்சைப் போடுவதற்கு முன்னாலேயே பல்பு எரிந்துவிடும். அவர் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்து ஸ்விட்சைப் போடப் போகிற கையைப் பிடித்துக்கொள்ளலாம். அப்படியானால் பல்பு எரிந்ததா இல்லையா. முன்னது முன்னதாகவும் பின்னது பின்னதாகவும் இருப்பதற்காகத்தான் உலகம் இந்த எல்லையைக் கட்டியிருக்கிறது. அழகாகத்தான் கட்டியிருக்கிறது, யார் இல்லையென்றார்கள். ஆனால் ஒரே ஒரு தடவை கட்டை அவிழ்த்தால் என்ன குறைந்துவிடும். மார்கழியில் அவன் ஏணியில் மூச்சு வாங்கி நின்றானே, வாய்வு என்று சொல்லி சோடா குடித்தானே, அந்த நாளுக்கு ஒரு சேதி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான், வாய்வு இல்லை வடிவு, கூட்டிக்கொண்டு போ என்று. ஒரு சேதி. அதற்கும் இடம் இல்லை. மணி பன்னிரண்டு அடித்தது. முடிந்திருக்கும். நல்லதோ கெட்டதோ, மதுரையில் அது நடந்து முடிந்த விஷயம், இங்கே மட்டும் இன்னும் நடக்கவில்லை. ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து. யாரும் வரவில்லை. நல்லபடியாக முடிந்திருக்கும் என்று முதல்முறையாகத் தோன்றியது. ஏலே, நான் ஒரு மடச்சி என்றே ஆரம்பித்துவிடலாம்.

பன்னிரண்டு இருபதுக்கு ஜெனிட்டா வந்தாள். வேதியியல் துறை, சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, வாசலில் நின்று செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்பதுபோல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடம், ஆபீஸ்ல உங்கள வரச் சொன்னாவ. ஹால நான் பாத்துக்கிடுதேன்." வடிவு அவள் பக்கத்தில் போனாள். அவசரமா என்று கேட்டாள். "அவசரம்லாம் இல்ல மேடம். நீங்க மெதுவாவே வாங்க." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மெதுவாவே வாங்க. உயிருக்கு ஆபத்து என்றால் ஓடுங்க மேடம் என்றல்லவா சொல்லியிருப்பாள், பையைக்கூட எடுத்துக் கையில் கொடுத்திருப்பாள். அவசரம் இல்லை என்கிற இடத்துக்கு விஷயம் வந்துவிட்டது. "அவசரம் இல்லன்னா முடிச்சுட்டே வாரேன். பேப்பரெல்லாம் கட்டணும்." ஜெனிட்டா, "மேடம், வந்து" என்றாள். "நீ போம்மா. ஒரு மணிக்கு வாரேன்னு சொல்லு." ஜெனிட்டா போகவில்லை, வராண்டாவிலேயே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். வடிவு மறுபடி நடந்தாள். இருபத்தாறு எட்டு.

அப்பா செத்தபோது அவள் கோயம்புத்தூரில் எம்எஸ்சி படித்துக்கொண்டிருந்தாள். விடுதிக்கு மாமா போன் பண்ணினார், அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், கிளம்பி வாம்மா என்று. நம் ஜனங்கள் யாரும் செத்துப்போனார் என்று போனில் சொல்வதில்லை. சீரியஸ் என்பார்கள், முடியலை என்பார்கள், ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போயேன் என்பார்கள். வழியெல்லாம் அவள் சங்கரன்கோயில் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வந்தாள், முடியிறக்குகிறேன், மாவிளக்குப் போடுகிறேன் என்று. தெரு முனையில் வாடகை நாற்காலிகள் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்ததும் தெரிந்தது. செத்தவருக்கு வேண்டிக்கொள்ள வைத்துவிட்டீர்களே என்று மாமாவிடம் சண்டைக்குப் போனாள். "வழியில நீ ஒத்தையில அழுதுட்டு வரணுமாக்கும்" என்றார் மாமா. அவரை அவள் மன்னிக்கவே இல்லை. உண்மையை யார் பிடித்து வைத்தாலும் அது திருட்டு என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். இப்போது அவளே பிடித்து வைத்துக்கொண்டு நடக்கிறாள். கீழே அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும், வராண்டாவில் அழுதுகொண்டு நிற்கிற ஜெனிட்டாவுக்குத் தெரியும். இந்த ஆறு வரிசைக்குள் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லாதவரை இந்த அறையில் அவன் இருக்கிறான். இல்லை, அது பொய், எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை, சேதி வந்தாலும் வராவிட்டாலும் நடந்தது நடந்ததுதான் என்று அவளுக்குத் தெரியும், அவள் முட்டாள் இல்லை. ஒருவேளை ஜெனிட்டாவுக்குப் பேசத் தெரியவில்லையோ. ஒருவேளை நிஜமாகவே சீரியஸாக இருந்து, இந்த நிமிஷங்கள் அவனுக்கு வேண்டியவையாக இருந்தால்? ஓடு. கால் வாசல் பக்கம் திரும்பியது, வாசலைத் தாண்டவில்லை. ஏலே, நான் ஒரு மடச்சி. அதற்கு அடுத்த வார்த்தை என்ன. அடுத்த வார்த்தை வரவில்லை, அந்த ஒரே வாக்கியத்தில் மனசு சிக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே சொன்னது. எச்சரிக்கை மணி அடித்தது. எல்லாரும் விடைத்தாள்ல நூலைக் கட்டுங்க என்றாள், குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

ஒரு மணிக்குத் தாள்களை வாங்கினாள். பதிவெண் வரிசையாக அடுக்கினாள். முப்பத்தாறு. மறுபடியும் எண்ணினாள். ஜெனிட்டா பின்னாலேயே வந்தாள். அலுவலகத்தில் முதன்மைக் கண்காணிப்பாளர் ஆவுடையப்பன் சார் எழுந்து நின்றார், அவள் உள்ளே வந்தால் அவர் எழுந்து நின்று அவள் பார்த்ததில்லை. உக்காருங்கம்மா, டீ சாப்பிடுங்க, கார் சொல்லியிருக்கோம், தம்பிக்குக் கொஞ்சம் சீரியஸ்னு என்று ஆரம்பித்தார். "எத்தனை மணிக்கு சார்?" என்றாள் வடிவு. அவர் மேசையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "பதினொண்ணேகாலுக்கும்மா. ஆபரேஷன் நடக்கும்போதே. அவங்க வீட்டம்மாவோட அண்ணன்தான் பேசினார். உங்க அம்மாட்ட யாரும் சொல்லல, நீங்க பக்கத்துல இருந்து சொன்னாத்தான் நல்லதுன்னாரு." பதினொன்றேகால். இந்த ஒன்றே முக்கால் மணி நேரமும் இல்லாத ஒருத்தனிடம் அவள் வாக்கியம் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறாள். அவன் சரி, நான் தப்பு. அதைக் கேட்க வேண்டிய காது ஒன்றுதான் இருந்தது, அது போய்விட்டது, இனி யாரிடம் சொன்னாலும் அது வெறும் இயற்பியல். அழுகை வந்தது, சார் முன்னாலேயே அழுதாள், ஜெனிட்டா தோளைப் பிடித்துக்கொண்டாள். யாரோ பழுப்பு உறையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். போனைப் போட்டதும் அது துடித்துக்கொண்டே அடித்தது. அம்மா. மூட்டுவலியால் மதுரைக்குப் போக முடியாமல், காலையிலிருந்து வடிவு வீட்டுக் கூடத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள். வடிவு முகத்தைத் துடைத்துக்கொண்டாள், பேசப்போகிற ஆளுக்கு முகம் தெரியாது என்றாலும் துடைத்துக்கொண்டாள்.

"ஏட்டி வடிவு, பரீட்சை முடிஞ்சுதா? மதுரையிலேருந்து தகவல் வந்துச்சா?"

"இன்னும் வரலம்மா. நான் வீட்டுக்கு வந்துட்டே இருக்கேன்."

"அப்ப நல்லாத்தான் இருக்கான். கெட்டதுன்னா இதுக்குள்ள வந்திருக்காதா?"

"ஆமாம்மா" என்றாள் வடிவு.